வலது பக்கம் இரண்டு புது டயர்

அசோக் நகரில் டயர் கடை நடத்தும் பிரபாவதி போன மாதம் போன் செய்தார். முன்பு என்னோடு ஒரே கடையில் வேலை பார்த்தவர். நாலு சக்கரமும் இழுக்கும் பெரிய கார் ஒன்று கடைக்கு வந்திருக்கிறதாம். ஒரு டயர் ஓரம் கிழிந்துவிட்டது. மற்ற மூன்றும் பாதி தேய்ந்தவை. வண்டிக்காரர் கிழிந்ததை மட்டும் மாற்றினால் போதும் என்கிறார். மாற்றலாமா?

"மாத்தாதே" என்றேன்.

"ஏன்னு கேட்டா இன்னா சொல்றது? போன்ல நீங்க சொன்னா தலையும் புரியல, வாலும் புரியல. பொறுமையா எழுதிக் குடுங்கண்ணே. கடைல ஒட்டி வெக்கிறேன்" என்றார்.

எழுத உட்கார்ந்தால் சுவரில் ஒட்டுகிற அளவில் நிற்கவில்லை. எனக்கு இது ஒரு ஜீப்பினால் தெரிய வந்த விஷயம். அந்த ஜீப்பைச் சொல்லாமல் விஷயத்தைச் சொல்ல வரவில்லை.

நான் எட்டாவது வகுப்பைப் பாதியில் விட்டவன். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. ஊர் முனையில் ஒரு லாரி நின்றது, ஏறிவிட்டேன். கிளீனராக நாக்பூர் வரை போயிருக்கிறேன். சம்பளம் என்பது சாப்பாடு. கோயம்புத்தூரில் பழைய டயருக்கு மேல்தோல் ஒட்டும் பட்டறையில் இருந்தேன், ஹூப்ளியில் பஞ்சர் கடையில் இருந்தேன். அங்கே லாரிச் சக்கரத்தின் இரும்பு வளையம் தெறித்து இடது கைச் சுண்டுவிரல் போயிற்று. மிச்சமிருந்த விரல்கள் டயர் வேலைக்குப் போதுமானவையாக இருந்தன. எந்த ஊரிலும் எனக்குக் கால் தங்காது. யாராவது திட்டினால் கிளம்புவேன். யாரும் திட்டாவிட்டாலும் கொஞ்ச நாளில் கிளம்புவேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மெட்ராஸ் வந்தேன். அப்போது அந்தப் பெயர்தான். ராயப்பேட்டை மணிக்கூண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் கமால் பாய் கடை இருந்தது. கியர்பெட்டி, டயர் இரண்டும் பார்ப்பார், பெரும்பாலும் ஜீப். அதே கட்டடத்தில் அவருடைய அப்பா சட்டை தைத்துக்கொண்டிருந்தாராம். தையல் மெஷின்கள் போய் ஜாக்கியும் செயின் பிளாக்கும் வந்துவிட்டன. மாடியில் வீடு, கீழே கடை. நான் டயர் அடுக்குக்குப் பின்னால் படுத்துக்கொள்வேன். மழைக்காலத்தில் கூவம் பக்கத்துக் கொசு முழுவதும் அங்கேதான் இருக்கும்.

வேலை கேட்டு நின்ற அன்று பாய் இரண்டு டயர்களைக் காட்டி, "ரெண்டும் ஒரே சைஸா?" என்றார். நான் பக்கவாட்டில் அச்சடித்திருந்த எண்ணைப் படித்துவிட்டு, "ஒரே சைஸ்தான்" என்றேன். அவர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். துடைத்தார். ஆணியில் தொங்கிய துணிப்பையிலிருந்து தையல்காரரின் இஞ்ச் டேப்பை எடுத்தார். ஒரு டேப் ஜீப் டயரைச் சுற்றி வராது என்பதால் அவர் மனைவி இரண்டு டேப்பை ஒட்டுப்போட்டுத் தைத்துக் கொடுத்திருந்தார். பாய் டயர்களைச் சுற்றி அளந்தார். கம்பெனி வேறு, எண் ஒன்று, சுற்றளவு வேறு. "கம்பெனிக்காரன் எழுதுறது அவனுக்கு. நமக்கு டேப்பு" என்றார். வேலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லவில்லை. ஜாக்கியை நகர்த்தச் சொன்னார், நகர்த்தினேன்.

அந்த டேப்பை வைத்து அவரைக் கிண்டல் செய்யாத வாடிக்கையாளர் கிடையாது. "இன்னா பாய், டயருக்கு ஜாக்கெட் தெக்கிறியா?" என்பார்கள். "துணி நீ குடு, கூலி அப்புறம் பேசிக்கலாம்" என்பார். குரல் உயர்த்தமாட்டார். கோபம் வந்தால் ஸ்பேனர்களை அளவு வரிசையில் அடுக்குவார். கடை மிகவும் சுத்தமாக இருந்தால் அன்று அவரிடம் பேசக் கூடாது என்று அர்த்தம்.

எங்கள் கடைக்கு முக்கிய வருமானம் ஓர் இறால் குஞ்சுக் கம்பெனி. ஆபீஸ் அடையாறில். குஞ்சு பொரிக்கும் தொட்டிகள் கோவளத்துக்குத் தெற்கே கடற்கரை ஓரத்தில். அந்த வருடங்களில் இறால் வளர்ப்பு அந்தக் கரை முழுவதும் பரவியிருந்தது. மீனவர் வலையில் சினை இறால் உயிரோடு கிடைத்தால், படகு கரையேறும் இடத்துக்கே ஜீப் போய்க் கடல் தண்ணீர்த் தொட்டியில் போட்டு எடுத்து வர வேண்டும். அதைத் தாய் இறால் என்பார்கள். ஒரு தாய் செத்தால் ஒரு தொட்டிக் குஞ்சு போயிற்று. படகு நிற்கும் இடமோ வெறும் மணல். அதனால் நாலு சக்கர ஜீப்.

அந்த ஜீப்பில் கியர் கம்பிக்குப் பக்கத்தில் ஒரு குட்டைக் கம்பி இருக்கும். சாதாரணமாகப் பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும். குட்டைக் கம்பியைப் போட்டால் முன் சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். மணலில் போடலாம். தார் ரோட்டுக்கு வந்ததும் எடுத்துவிட வேண்டும். கம்பி கொஞ்சம் பிடித்துக்கொண்டாலும் ஓரடி ரிவர்ஸ் எடுத்தால் வந்துவிடும். இது எல்லா டிரைவருக்கும் தெரியும். ஏழுமலைக்கும் தெரியும்.

ஏழுமலை அந்தக் கம்பெனி டிரைவர். சிந்தாதிரிப்பேட்டைக்காரர். என்னைவிடச் சில வயது பெரியவர். ஆயுத பூஜைக்கு முன்னால் கம்பெனி அவர் ஜீப்புக்கு ஒரு ஜோடிப் புது டயர் கொடுத்தது. எங்கள் தொழிலில் டயர் வாங்குவதே ஜோடியாகத்தான். இந்த வருடம் இரண்டு, அடுத்த வருடம் இரண்டு. பாய் அப்போது வாணியம்பாடியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். நான் மட்டும் இருந்தேன்.

"ரெண்டையும் ரைட்டு பக்கம் மாட்டு" என்றார் ஏழுமலை. "முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு."

"ஜோடியை யாராவது பிரிச்சுப் போடுவாங்களா?"

"பூஜை போட்டுட்டு வண்டி எலுமிச்சம்பழத்து மேல ஏறும்போது வலது கால் புதுசா இருக்கணும் மச்சி. மாப்ள மொத மொத வூட்டுக்குள்ள எந்தக் காலை வெச்சி வருவான்? சொல்லு."

வண்டியை ஓட்டுகிறவர் அவர், டயரைக் கொண்டு வந்தவரும் அவர். மாட்டிக் கொடுத்தேன். ஜீப் கொஞ்சம் இடது பக்கம் இழுத்தது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. மழைக்காலம் முழுவதும் அப்படியே மணலில் ஓடியது. குட்டைக் கம்பியைப் பற்றி ஒரு புகாரும் இல்லை.

பொங்கல் கழித்து பிரேக் பார்க்க வண்டி வந்தது. பாய் சுற்றி வந்து பார்த்தார். வலது பக்கத்து டயர்களில், தரையைப் பிடிக்கும் ரப்பர்ப் பட்டன் கட்டை கட்டையாக நிற்கிறது. இடது பக்கம் இரண்டும் கிட்டத்தட்ட மொட்டை.

"யார் செஞ்சது?"

"நான்தான் சொன்னேன் பாய். வலது கால்" என்றார் ஏழுமலை.

"வண்டிக்கு ஏது நைனா காலு? சக்கரம். மழையில பிரேக் அடிச்சா ஒரு பக்கம் புடிக்கும், ஒரு பக்கம் வழுக்கும். வண்டி குறுக்க திரும்பும். ஜோடி முன்னாடி போகட்டும்."

"வேணாம் பாய். நல்லாத்தான ஓடிக்கினு கீது. ராசியான வண்டி."

"ராசியைச் சீட்டுல வெச்சிக்கோ" என்ற பாய் என்னிடம் திரும்பி, "டயரை முன்னாடி போடு" என்றார். புது இரண்டும் முன்னால் போயின, மொட்டை இரண்டும் பின்னால் போயின. எந்தக் கடையிலும் இதையே செய்திருப்பார்கள். சாதாரண காருக்கு அன்று அது தவறான வேலையும் இல்லை.

சில வாரத்தில் அந்த ஜீப்பைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். திருவான்மியூர் பக்கம் நடுரோட்டில் நின்றுவிட்டதாம். நாலு சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் சின்ன கியர்பெட்டி உள்ளே உடைந்திருந்தது. திறந்தபோது பல் எல்லாம் எண்ணெயோடு சேர்ந்து வந்தது.

பின்னாலேயே கம்பெனி மேனேஜர் ஆட்டோவில் வந்தார். சேஷாத்ரி சார், மயிலாப்பூர்க்காரர். கெட்டவர் இல்லை. டிரைவர்களை ஒருமையில் கூப்பிட்டாலும் அவர்களுடைய பிள்ளைகளின் பெயர் தெரிந்து வைத்திருப்பார். அவர் சொன்னது நேராக இருந்தது.

"பாய், நேக்கு மெஷின் ஒண்ணும் தெரியாது. இவன் அந்தக் குட்டைக் கம்பியைப் போட்டுண்டே தார் ரோட்டுல வந்திருக்கான். தாய் இறாலை இறக்கினப்பறமும் அப்படியே அடையாறு பக்கம் வந்திருக்கான். அதனாலதான் உடைஞ்சதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போறும். முதலாளி இவனை அனுப்பிடச் சொல்றார். காரணம் தெரிஞ்சுண்டு அனுப்பணும்னு நான் நினைக்கறேன்."

ஏழுமலை சந்து ஓரமாக நின்றுகொண்டிருந்தார். பாய் அவரைப் பார்த்து, "போட்டுக்கினு வந்தியா?" என்றார்.

"வந்தேன் பாய். இல்லன்னு சொல்லமாட்டேன். மணலை வுட்டு ஏறின ஒடனே எடுக்கப் பார்த்தேன். வர்ல. ரிவர்ஸ் போட்டேன். வர்ல. ரெண்டு கையால இழுத்தேன். பின்னாடி தொட்டில தாய் கீது. நின்னா அது செத்துடும், செத்தா அதுக்கும் நான்தான். ஓட்டிக்கினு போய் எறக்கிட்டேன். சரி, கடையாண்ட கொண்டாந்துடலாம்னு வந்தேன். வழியில படபடன்னு சத்தம், அவ்ளோதான்."

"இத்தனை வருஷமா வந்த கம்பி அன்னிக்கு மட்டும் வரலையாக்கும்" என்றார் மேனேஜர்.

"அதான் சார் எனக்கும் புரியல."

பெட்டியை உடைத்தான் என்று ஒரு டிரைவரைப் பற்றி ராயப்பேட்டையில் சொன்னால் சாயங்காலம் அது வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கும் புதுப்பேட்டையில் தெரியும். அதற்குப் பிறகு அவனுக்கு யாரும் ஜீப் கொடுக்கமாட்டார்கள், ஆட்டோ கொடுப்பதற்குக்கூட யோசிப்பார்கள். ஏழுமலைக்கு வேறு தொழில் தெரியாது. பாய் அந்த இடத்தில் தலையாட்டியிருந்தால் போதும். பொய்யும் இல்லை. டிரைவரே ஒப்புக்கொண்டுவிட்டார். நான் பாய் தலையாட்டுவார் என்றுதான் எதிர்பார்த்தேன்.

பாய் "நாளைக்குச் சொல்றேன் சார்" என்றார்.

மேனேஜர் போனதும் என்னிடம் நாலு டயரிலும் காற்றை ஒரே அளவாக வைக்கச் சொன்னார். கை கழுவினார். டேப்பை எடுத்தார். முன் டயர் இரண்டையும் அளந்து, டேப்பில் அந்த இடத்தைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டு பின் டயருக்கு வந்தார். பின் டயரைச் சுற்றி வந்த பிறகு இரண்டு விரற்கடைக்கு மேல் டேப் மிச்சமிருந்தது. மறுபக்கமும் அதே. பிறகு டயர்களைக் கழற்றி, ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் கோடு போட்டு, சிமெண்டுத் தரையில் ஒரு முழுச் சுற்று உருட்டச் சொன்னார். உருட்டினேன். தரையில் விழுந்த கோடுகளுக்கு இடையிலும் அதே வித்தியாசம்.

அவர் ஸ்பேனர்களை அடுக்க ஆரம்பித்திருந்தார்.

மறுநாள் கம்பெனியின் இன்னொரு ஜீப்பைக் கேட்டு வாங்கினார். அதே மாதிரி வண்டி. பெசன்ட் நகரில் அப்போது நல்ல தார் போட்ட, ஆளில்லாத தெருக்கள் இருந்தன. அங்கே போய் அந்த ஜீப்பின் சக்கரங்களைக் கழற்றிவிட்டு ஏழுமலை வண்டியின் நாலு சக்கரத்தையும் மாட்டினோம்: புதுசு முன்னால், மொட்டை பின்னால். பாய் ஓட்டினார். பக்கத்தில் மேனேஜர். பின்னால் ஏழுமலையும் நானும். குட்டைக் கம்பியைப் போட்டுக்கொண்டு நேராகத் தெருக்கோடி வரை மெதுவாகப் போனார். வளைக்கவே இல்லை. கொஞ்ச தூரத்திலேயே டயர் முனக ஆரம்பித்தது. யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல வண்டி கனத்தது. பாய் நிறுத்தினார்.

"எடுங்க சார்" என்று கம்பியைக் காட்டினார்.

மேனேஜர் இழுத்தார். கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்தது.

"காலை ஊனிக்கினு இழுங்க சார்" என்றார் ஏழுமலை பின்னாலிருந்து. "நான் அப்டித்தான் இழுத்தேன்."

"சும்மா இருடா. வரலையே பாய்."

பாய் ஓரடி ரிவர்ஸ் எடுத்தார். அப்போதும் வரவில்லை. எல்லோரையும் இறங்கச் சொன்னார். கைபிரேக்கைப் போட்டுவிட்டு, முன் சக்கரம் ஒன்றுக்கு என்னை ஜாக்கி கொடுக்கச் சொன்னார். "கையை வெளியில வெச்சிக்கோ" என்றார். டயர் தரையை விட்ட கணத்தில், யாரும் தொடாமல், சக்கரம் சடக்கென்று தானே திரும்பி நின்றது. மேனேஜர் இரண்டடி பின்னால் போனார். சக்கரம் திரும்பியது, முறுக்கிய கயிற்றை விட்டால் திரும்புமே, அந்த மாதிரி. அதன் பிறகு பாய் குட்டைக் கம்பியை ஒரு விரலால் எடுத்தார். வந்துவிட்டது.

பிறகு அதே சக்கரங்களைப் பழையபடி மாற்றினோம்: புதுசு இரண்டும் வலது பக்கம், மொட்டை இரண்டும் இடது பக்கம். அதே தெரு, அதே தூரம், அதே கம்பி. இந்த முறை மேனேஜர் தொட்டதும் கம்பி வந்தது. அவர் நம்பாமல் இன்னொரு முறை போட்டு எடுத்தார்.

பாய் ஜீப் பானட் மேல் சாக்பீஸால் நாலு வட்டம் போட்டுச் சொன்னார்: "முன்னாடி ரெண்டும் பெரிசு. பெரிய சக்கரம் கம்மியா சுத்தினாலே அந்தத் தூரம் போயிடும். பின்னாடி ரெண்டும் சின்னது, அது நிறைய சுத்தணும். கம்பியைப் போட்டா முன்னாடியும் பின்னாடியும் ஒரே மாதிரி சுத்தித்தான் ஆகணும். மணல்ல டயர் வழுக்கிச் சரி பண்ணிக்கும். தார்ல வழுக்க முடியாது. நடுவுல இருக்கிற பெட்டி முறுக்கிக்கினே போகும். ஒரு நாள் உடையும். வலது பக்கம் பெரிசு, இடது பக்கம் சின்னதுன்னு இருந்தப்போ முன்னாடியும் ஒண்ணு பெரிசு ஒண்ணு சின்னது, பின்னாடியும் அதே. கூட்டிப் பார்த்தா சமம். பெட்டிக்கு வலி தெரியல."

"அப்போ இவன் கம்பியை எடுக்காததனால உடையலையா?"

"எடுக்க வராதபடி வண்டி இருந்துச்சு சார்."

"டயரை யார் முன்னாடி மாத்தினா?"

"நான்" என்றார் பாய். "பொங்கலுக்கு அப்புறம். இவன் வேணாம்னு சொன்னான். நான் கேக்கல."

ஏழுமலை குதித்துவிட்டார். "பாத்தீங்களா சார்! வலது கால்! நான் சொன்னேன்ல!"

"வாயை மூடு" என்றார் பாய். அவர் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டது அன்று ஒரு முறைதான். "நீ சொன்ன காரணமும் தப்பு, நான் செஞ்ச வேலையும் தப்பு. ஒரு மழையில பிரேக் அடிச்சிருந்தா நீ வண்டியோட கடல்ல இருந்திருப்பே. இந்த வண்டிக்கு ஜோடி கெடையாது. மாத்தினா நாலையும் மாத்தணும்."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். "பாய், இதை நான் முதலாளிகிட்ட அப்படியே சொல்லணுமே" என்றார். அவர் குரலில் கொஞ்சம் கெஞ்சல் இருந்தது. வேறு மாதிரிச் சொல்லவும் பாய்க்கு வழி கொடுத்தார் என்றே நினைக்கிறேன்.

"அப்படியே சொல்லுங்க சார்."

"ஏழுமலை, நாளைக்கு டூட்டிக்கு வந்துடு" என்றார் மேனேஜர்.

பிரபாவதி கேட்டதற்கு இதுதான் பதில். இப்போது வருகிற கார்கள் பலவற்றில் அந்தக் குட்டைக் கம்பியே கிடையாது. முன்னும் பின்னும் எப்போதும் சேர்ந்தே இருக்கும், அல்லது வண்டியே தேவை பார்த்துச் சேர்த்துக்கொள்ளும். கம்பி இருந்தபோது அது வராமல் நின்று நமக்குச் செய்தி சொன்னது. இப்போது பெட்டி உள்ளுக்குள் சூடாகும், ஓட்டுகிறவருக்குத் தெரியாது. ஒரு சக்கரம் மட்டும் புதுசாக இருந்தால் வலது இடது பார்த்துச் சமன் செய்யவும் வழி இல்லை. நாலையும் மாற்று. அல்லது மற்ற மூன்றும் தேய்ந்த அளவுக்கே தேய்ந்த டயரைத் தேடிப் போடு. எந்த டயர் என்றாலும் சுற்றளவை அளந்துவிட்டுப் போடு.

பாய் உடைந்த பெட்டியைத் தானே பிரித்துக் கட்டினார். வேறு வேலை எதையும் அந்த நாட்களில் எடுக்கவில்லை. வண்டி போன பிறகு, எதிர்பார்த்தபடி, கம்பெனி தன் ஜீப்புகளை எல்லாம் கிண்டியில் ஒரு பெரிய ஒர்க்ஷாப்புக்கு மாற்றிக்கொண்டது. முதலாளியைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. தன் பெட்டியை உடைத்த கடைக்கு எவன் திரும்ப வருவான்? நாலு சக்கர ஜீப்புக்கு ஜோடி டயர் கேட்டு வந்தவர்களையும் பாய் திருப்பி அனுப்பினார். அவர்கள் பக்கத்துக் கடையில் ஜோடியாகவே மாட்டிக்கொண்டு போனார்கள். கடையில் இரண்டு பேருக்குப் போதுமான வேலை இல்லாமல் ஆயிற்று. பாய் என்னைப் போகச் சொல்லவில்லை. நானே பாண்டிச்சேரியில் ஓர் இடம் பார்த்துக்கொண்டு கிளம்பினேன். எப்படியும் கிளம்புகிறவன்தான்.

கிளம்ப இருந்த வாரத்தில் ஒரு காலை சந்துக்குள் அந்த ஜீப் வந்து நின்றது. ஏழுமலை இறங்கினார். அடையாறிலிருந்து ராயப்பேட்டை வரும் வழியில் பத்துக் கடையாவது தாண்டி வந்திருப்பார்.

"இன்னா வேலை?" என்றார் பாய்.

"வேலை ஒண்ணும் இல்ல. காத்து பாரு."

பாய் நாலு சக்கரத்துக்கும் குனிந்து குனிந்து காற்றுப் பார்த்தார். எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனாலும் ஒன்றிலிருந்து கொஞ்சம் இறக்கினார், ஒன்றுக்குக் கொஞ்சம் ஏற்றினார். ஏழுமலை பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நன்றி சொல்ல வந்தவர் மாதிரி இல்லை, சொல்லவும் இல்லை.

ஏறி உட்கார்ந்ததும், "உங்க கடைக்கு வண்டி வரக் கூடாதுன்னு ஆபீஸ்ல ஆர்டர். கேட்டா வழியில பஞ்சர்னு சொல்லிக்கிறேன்" என்றார்.

"பொய் சொல்லாதே" என்றார் பாய். "காத்துன்னே சொல்லு."

"காத்துன்னு சொன்னா இந்தக் கடைக்கு ஏன் போனேன்னு கேப்பாங்க பாய்."

"கேட்டா, டயரைத் தப்பா மாத்தினவன் கடை, சரியா கீதான்னு பாக்கப் போனேன்னு சொல்லு."

ஏழுமலை சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினார். அடுத்த வாரமும் காற்றுப் பிடிக்க வந்தார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.